ஒரு ஸ்பூன் பிரசாதம்

மங்களத்தின் கிச்சனில் மூன்று காலண்டர் தொங்கும். ஒன்று தமிழ்த் தினக்காலண்டர், ஒன்று சீனக் காலண்டர், இன்னொன்று பள்ளிவாசலில் கொடுத்தது. இது கிச்சனா காலண்டர் கடையா என்று புதிதாக வருகிற டீச்சர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். செங்காங்கில் ஓர் அடுக்குமாடி பிளாக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிற அந்தக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் அறுபத்திரண்டு பிள்ளைகள். அறுபத்திரண்டு பேருக்கும் ஒரே சாமியா, ஒரே வயிறா? கபிலன் வீட்டில் மாடு ஆகாது. ரித்திக் முழுச் சைவம், முட்டை கேக்கில் கலந்திருந்தாலும் கூடாது. ஷூ யிங் என்று பொம்மை மாதிரி ஒரு பெண், சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மட்டும் சைவம். இன்னொரு பையன் புரட்டாசி முழுக்கச் சைவம், ஐப்பசி பிறந்ததும் கோழிக்காலைக் கேட்டு அழுவான். காலண்டர் பார்க்காமல் எப்படிச் சமைப்பதாம்?

ஒன்பது வருஷத்தில் ஒரு தட்டு மாறியதில்லை. சைவத்துக்குப் பச்சைத் தட்டு, மாடு ஆகாதவர்களுக்கு மஞ்சள், மற்றவர்களுக்கு நீலம். கோழியிலிருந்து ஜெல்லிப் பொடி வரை ஹலால் முத்திரை பார்த்துத்தான் உள்ளே எடுப்பாள். கிச்சன் கதவில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: வெளிச்சாப்பாடு உள்ளே வரக்கூடாது. அந்தத் தாளை ஒட்டியதே மங்களம்தான். பிறந்தநாள் கேக்கைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே வரப் பார்த்த ஒரு பெரிய மனுஷரை வாசலிலேயே மறித்து, "டப்பாவைக் காட்டுங்க, அதுல என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும்" என்று கேட்டவள் அவள். அந்த மனுஷர் முகம் சிவந்து போனார். இவளுக்கென்ன, போனால் போகட்டும்.

அப்படிப்பட்டவள்தான் அந்த வெள்ளிக்கிழமை அப்படியொரு காரியத்தைச் செய்து வைத்தாள்.

அதைச் சொல்வதற்கு முன்னால் ஆஸ்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயது. முன்பல் இரண்டும் விழுந்த வாய். அம்மா ருக்கையாவுக்கு மருத்துவமனையில் மருந்துக் கவுண்டரில் வேலை. போன வருஷம் பிள்ளையைச் சேர்க்க வந்த அன்றைக்கே ருக்கையா ஆபீஸ் அறைக்குப் போகாமல் நேராகக் கிச்சன் ஜன்னலுக்கு வந்தாள். சாப்பாடு எடுத்துக் கொடுக்கிற ஜன்னல் அது.

"அக்கா, நீங்கதான் சமைக்கிறீங்களா?"

"ஆமாம்மா."

"முன்னாடி வேற இடத்துல விட்டிருந்தேன். ஒரு நாள் பிள்ளைக்குப் பன்றி சாசேஜ் குடுத்துட்டாங்க. தெரியாம நடந்துபோச்சு. நடந்ததுக்குக்கூட நான் கோபப்படலக்கா. அன்னைக்கே தெரிஞ்சும் சொல்லாம மறைச்சுட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு வேற ஒரு அம்மா போன்ல போட்டோ காட்டினப்பதான் எனக்குத் தெரியும். என் பிள்ளை தட்டோட சிரிச்சுக்கிட்டு நிக்குது அதுல."

சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. மங்களம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தாள். "என் கிச்சன்ல அந்த மாதிரி நடக்காதும்மா. நடந்தா அடுத்த நிமிஷம் நானே சொல்வேன்" என்றாள். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள்.

அன்றையிலிருந்து ஆஸ்மா புதிதாக எதைப் பார்த்தாலும் ஜன்னலுக்கு வந்து கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பாள். அது அவள் அம்மா பழக்கிவிட்ட பழக்கம். ஆன்ட்டி தலையாட்டினால் சாப்பிடுவாள். டீச்சர் சொன்னாலும் நம்ப மாட்டாள், ஆன்ட்டிதான் சொல்ல வேண்டும். மங்களத்துக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருக்காதா பின்னே?

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருவோம். பொங்கல் முடிந்த மறுநாள். தமிழ் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேருக்குப் பொங்கல் விழா என்று ரோஷினி டீச்சர் ஏற்பாடு செய்திருந்தாள். ரோஷினி சின்னப் பெண், வேலைக்கு வந்து மூன்று மாதம்தான், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. பதினொரு பேரில் ஆஸ்மா ஒருத்திதான் முஸ்லிம் பிள்ளை. அதனால் மங்களமே முந்தின வாரம் ருக்கையாவிடம் கேட்டாள். ருக்கையா யோசித்துவிட்டு, "படைக்காம, சாமி கும்பிடாம சும்மா பொங்கினா சாப்பிடட்டும்க்கா. படைச்சது மட்டும் எங்களுக்கு ஆகாது" என்றாள். சரி என்று மங்களம் ஒத்துக்கொண்டாள். சாமி படம் கிடையாது, சூடம் கிடையாது, சூரியனுக்கு இலை போடுவது கிடையாது. சர்க்கரைப் பொங்கல், கரும்பு, பாட்டு. அவ்வளவுதான்.

அன்று காலை ஆறு மணிக்கு மங்களம் சிராங்கூன் ரோட்டில் அம்மன் சந்நிதியில் நின்றாள். வீடு தேக்காவில், நடக்கிற தூரம். மகள் அனுப்ரியாவுக்குப் பள்ளி இறுதி ஓ லெவல் ரிசல்ட் அந்த வாரம்தான் வந்திருந்தது. கணக்கில் தேறுமா தேறாதா என்று வீடே ஆறு மாதமாக ஒழுங்காகத் தூங்கவில்லை, பிள்ளை என்னடாவென்றால் ஏ வாங்கிவிட்டாள். அர்ச்சனை முடிந்ததும் குருக்கள் ஒரு சின்னப் பேப்பர் கப்பில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது. கப்பை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள்.

எப்போதும் பையை ஸ்டாஃப் அறை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிச்சனுக்குள் போவாள். அன்று ஐந்து நிமிஷம் லேட். பால் வேறு வந்து காத்திருந்தது. பையைக் கிச்சன் கதவுக்குப் பின்னால் இருக்கிற கொக்கியில் மாட்டினாள். அப்புறம் எடுத்து வைக்கலாம் என்று நினைத்தாள். அப்புறம் எங்கே எடுத்தாள்?

பத்தே முக்காலுக்குப் பொங்கல் இறங்கும் பதத்துக்கு வந்தது. வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்து மணக்கிறது. வெளியே பதினொரு பிள்ளைகளும் "பொங்கலோ பொங்கல்" என்று கூரை பறக்கக் கத்துகிறார்கள். ரோஷினி ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "ஆன்ட்டி, பொண்ணு ஏ வாங்கிட்டாளாமே! கங்கிராட்ஸ் லா! அந்த ராசி எங்க பிள்ளைங்களுக்கும் வரட்டும்" என்றாள்.

மங்களத்துக்கு மனசு நிறைந்து போனது. வெள்ளிக்கிழமைகளில் அவள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலில் கொடுப்பது ஒரு கைப்பிடி. வீட்டிலோ நான்கு வாய். அதனால் வீட்டிலும் பொங்கலோ பாயசமோ வைத்து, கோயில் பிரசாதத்தை அதில் ஒரு ஸ்பூன் கலந்துவிடுவாள். ஒரு ஸ்பூன் கலந்தால் பானை முழுக்கப் பிரசாதம். கலியாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்துநான்கு வருஷமாக அந்தக் கை அதைச் செய்துகொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை, முன்னால் சர்க்கரைப் பொங்கல், பையில் பிரசாதம், மனசில் சந்தோஷம். கைக்கு வேறென்ன வேண்டும்? கொக்கியிலிருந்த பைக்குள் போனது, கப்பை எடுத்தது, ஒரு ஸ்பூன் அள்ளிப் போட்டது, கிளறியது. பிள்ளைகள் எல்லோரும் நன்றாகப் படிக்கட்டும் தாயே என்று வாய் முணுமுணுத்தது. தலை மட்டும் அங்கே இல்லை. தலை எங்கோ அனுப்ரியாவின் பாலிடெக்னிக் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

பதினொரு கிண்ணமும் ஜன்னலுக்கு வந்தன. எல்லோருக்கும் முன்னால் ஆஸ்மா. தலையில் யாரோ சுற்றிவிட்ட கனகாம்பரம், கையில் கிண்ணம்.

"ஆன்ட்டி, இது சாமிக்குப் படைச்சதா?"

"இல்லடா செல்லம். படைக்கல. சாப்பிடு."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். ஆஸ்மா ஓடிப்போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கினாள். உதட்டோரம் நெய்யோடு கையை உயர்த்திக் காட்டினாள், மங்களம் சிரித்தாள்.

பதினொன்றேகால் இருக்கும். அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே வந்த துணி ஒரு பேப்பர் கப்பில் இடித்தது. கப் உருண்டது. விளிம்பில் குங்குமம் ஒட்டியிருந்தது.

மங்களத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, இது யாருடைய கப் என்றுதான் தோன்றியது. அடுத்த நொடி அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டாள். ஐயோ. ஐயோ, என்ன செய்துவிட்டேன்! வேகமாக நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தாள். ஆஸ்மா காலிக் கிண்ணத்தை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள்.

மீதிப் பொங்கலைக் குப்பையில் கொட்டப் போனாள், பிரசாதமாயிற்றே என்று கை நின்றது. சரி, வைத்துக்கொள்ளலாமா, அதுவும் பயம். கடைசியில் பானையை ஒரு தட்டால் மூடி மூலையில் தள்ளிவிட்டு, அதைப் பார்க்காமல் திரும்பி நின்றாள். அம்மன் கொடுத்ததைப் போய்த் தப்பான பொருள் மாதிரி மூலையில் தள்ளுகிறோமே என்று அது வேறு நடுக்கம். யாரிடம் மன்னிப்புக் கேட்பது, சாமியிடமா, அந்தப் பிள்ளையிடமா?

ரோஷினியைக் கூப்பிட்டுச் சொன்னாள். ரோஷினியின் முகம் வெளுத்துவிட்டது. கிச்சன் கதவைச் சாத்தினாள்.

"ஆன்ட்டி, யாராச்சும் பார்த்தாங்களா?"

"இல்ல."

"அப்ப விடுங்க. ஒரே ஒரு ஸ்பூன். வெஜிடேரியன்தானே? விஷம் ஒண்ணும் இல்லையே?"

"அது அவங்களுக்கு ஆகாதும்மா. கேட்டுட்டுத்தான் சாப்பிட்டா. நான் இல்லைன்னு சொன்னேன்."

"நீங்க பொய் சொல்லலையே, மறந்துட்டீங்க. ஆன்ட்டி, பிளீஸ். இது ரிலிஜன் விஷயம். அந்த அம்மா கம்ப்ளெயின்ட் பண்ணினா என்ன ஆகும்னு தெரியுமா? யாராச்சும் வாட்ஸ்ஆப்ல போட்டாங்கன்னா? உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். சூப்பர்வைசர் இன்னைக்கு லீவு. சொல்லாதீங்க. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அதோட அம்மாவுக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் எல்லாரும் நிம்மதி."

சொல்லிவிட்டு அந்தப் பெண் அழுதாள். பயந்துவிட்டாள், அவளைக் குறை சொல்லவும் முடியாது. மங்களமும் பயந்துதான் போயிருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஏதோ தலையை ஆட்டி அவளை வகுப்புக்கு அனுப்பினாள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கோழிக் குழம்பும் சோறும். அன்று தட்டுப் போடுவதே பெரிய பாடாகிவிட்டது. பச்சைத் தட்டில் அவித்த முட்டையை வைத்துவிட்டாள். ரித்திக் அதை வாங்கிக்கொண்டு நான்கு எட்டு நடந்துவிட்டான். "டேய், நில்லு! நில்லுடா!" என்று மங்களம் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் எல்லோரும் மிரண்டுபோய்த் திரும்பினார்கள். ஓடிப்போய் தட்டைப் பிடுங்கினாள். ரித்திக் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான். ஒன்பது வருஷத்தில் ஒரு தட்டு மாறாதவளுக்கு ஒரே நாளில் இரண்டு. இந்தக் கையை இனிமேல் எப்படி நம்புவது?

ஒரு மணிக்குப் பிள்ளைகள் தூங்கினார்கள். மங்களம் மெல்ல வந்து தூங்கும் அறையை எட்டிப் பார்த்தாள். ஆஸ்மா ஒருக்களித்துப் படுத்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். கனகாம்பரம் தலையணையில் உதிர்ந்து கிடந்தது. மங்களம் அந்தச் சின்ன வாயையே பார்த்தாள்.

போனைக் கையில் எடுத்தாள். ருக்கையாவின் நம்பர் இருந்தது. அழுத்தினால் போதும். அடுத்த நிமிஷம் நானே சொல்வேன் என்றாளே, அந்த அடுத்த நிமிஷம் போய் இரண்டு மணி நேரமாயிற்று. வேலை நேரத்தில் கூப்பிட்டால் அந்தப் பெண் பதறுவாள் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று இன்னொரு சாக்கு. உண்மை என்னவென்றால் பயம். வெறும் பயம். ருக்கையாவின் முகம் எப்படி மாறும் என்று நினைக்கவே முடியவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், மத விஷயத்தில் ஒருத்தரை ஒருத்தர் புண்படுத்துவது எத்தனை பெரிய விஷயம் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டாம். பேப்பரில் தன் பெயர் வருவது மாதிரி, அனுப்ரியாவை அவள் தோழிகள் கேட்பது மாதிரி என்னென்னவோ கண்ணில் ஓடியது. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நாளைக்கு ஆஸ்மா ஜன்னலுக்கு வந்து கேட்காமல் போனால்? அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

சொல்லாவிட்டால் பிள்ளை வரும். கிண்ணத்தோடு வரும், கேட்கும், இவளும் தலையாட்டுவாள். ஒவ்வொரு நாளும் அந்த முகத்தைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அது இன்னும் பெரிய பயமாக இருந்தது.

போனைப் பைக்குள் போட்டாள். எடுத்தாள். மறுபடியும் போட்டாள். நான்கு மணிக்குப் பிள்ளைகளுக்கு மாம்பழ ஜெல்லி கொடுக்கும்போது ஒவ்வொரு தட்டையும் மூன்று தடவை பார்த்துக் கொடுத்தாள். ஐந்து மணிக்கே அப்பா அம்மாக்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ருக்கையா இல்லை. இன்னொரு மணி. ருக்கையா இல்லை. இன்றைக்குப் பார்த்து அந்தப் பிள்ளையின் அப்பா இப்ராஹீம் வந்து கூட்டிப் போனால் தேவலாமே, திங்கட்கிழமை வரை தப்பிக்கலாமே என்றுகூட ஒரு கேவலமான எண்ணம் வந்தது. வந்ததை மறைப்பானேன்?

ஆறேகாலுக்கு ருக்கையா வந்தாள்.

"அம்மா!" ஆஸ்மா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். "அம்மா, நான் பொங்கல் சாப்பிட்டேன்! ரெண்டு கிண்ணம்! நான் கேட்டேன்மா, ஆன்ட்டி படைக்கலன்னு சொன்னாங்க, அப்புறம்தான் சாப்பிட்டேன்!"

"என் தங்கம்." ருக்கையா குனிந்து அவளை முத்தமிட்டாள். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். நாள் முழுக்க நின்று வேலை பார்த்த களைப்பு முகத்தில் இருந்தாலும் நல்ல சிரிப்பு. "அக்கா, நீங்க இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியா வேலைக்குப் போறேன். உண்மையாத்தான் சொல்றேன்."

வகுப்பறை வாசலில் ரோஷினி நின்றாள். வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள்.

மங்களம் சொல்லாமல் சும்மா நின்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ரோஷினி கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்ட வழி தானாகத் திறந்து கிடந்தது. ருக்கையா பிள்ளையின் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். செருப்பை மாட்டிவிட்டாள். எழுந்து திரும்பினாள்.

"ருக்கையா."

"என்னக்கா?"

"நில்லும்மா. ஒரு விஷயம்." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. கிச்சனை விட்டு வெளியே வந்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். "படைக்கலன்னு சொன்னேன்ல. அது தப்பும்மா. காலையில கோயிலுக்குப் போயிருந்தேன். பிரசாதம் பையில இருந்துச்சு. அடுப்புல பொங்கலைப் பார்த்ததும் கை தானா எடுத்து ஒரு ஸ்பூன் அதுல கலந்திருச்சு. வீட்டுல பண்ற பழக்கம். பிள்ளை வந்து கேட்டப்ப எனக்கு அது ஞாபகமே இல்ல. இல்லைன்னு சொல்லிட்டேன். அவ சாப்பிட்டுட்டா."

ருக்கையாவின் சிரிப்பு முகத்திலேயே நின்று, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"அவ சாப்பிட்டு முடிச்சதும். பதினொன்னேகாலுக்கு."

ருக்கையா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏழு மணி நேரம்."

"ஆமாம்மா."

"என் நம்பர் உங்ககிட்ட இருக்குதானேக்கா?"

"இருக்கு. நாலு தடவை எடுத்தேன். பயமா இருந்துச்சும்மா. உன்னைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பயம்."

ருக்கையா திட்டியிருந்தால்கூட மங்களம் ஏற்றுக்கொண்டிருப்பாள். கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். அந்தப் பெண் சும்மா நின்றாள். கண் மட்டும் கலங்கியது. அம்மாவையும் ஆன்ட்டியையும் மாறி மாறிப் பார்த்த ஆஸ்மா அம்மாவின் கையை இழுத்தாள்.

"அம்மா, ஆன்ட்டி பொய் சொன்னாங்களா?"

மங்களத்துக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ருக்கையா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆஸ்மா, அம்மாவின் தோளுக்கு மேலாக, எப்போதும் போலக் கையாட்டிவிட்டுப் போனாள்.

ரோஷினி தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மங்களம் சூப்பர்வைசருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். பை கொக்கியில் இருந்ததிலிருந்து ஏழு மணி நேரம் வாயைத் திறக்காதது வரை ஒன்றையும் விடவில்லை. ரோஷினி சொன்னதை மட்டும் சொல்லவில்லை. எதற்கு அந்தச் சின்னப் பெண்ணையும் இழுப்பது? திங்கட்கிழமை பேசலாம் என்று சூப்பர்வைசர் போனை வைத்தார்.

சனியும் ஞாயிறும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். போனில் ஒரு சத்தம் வந்தால் போதும், துள்ளி எழுந்தாள். சாம்பாரில் உப்பே போடவில்லை. அனுப்ரியா, "என்னம்மா, நான் ஃபெயிலான மாதிரி மூஞ்சியை வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். தேக்கா மார்க்கெட்டில் தலையில் துப்பட்டா போட்ட ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்துவிட்டு, ருக்கையாவோ என்று மீன் கடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். அவள் இல்லை. யாரோ. ஐம்பது வயதில் மீன் வாடையில் ஒளிந்து நிற்கிறோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனதும் பையை லாக்கரில் வைத்துப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். இரண்டு எட்டு போனவள் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். சூப்பர்வைசர் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கையெழுத்துப் போட்டாள். அந்த அம்மாவிடமிருந்து புகார் எதுவும் வந்ததா என்று கேட்க வாய் வரவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

எட்டு மணி ஆயிற்று. எட்டரை ஆயிற்று. ஆஸ்மா வரவில்லை. ஆஸ்மாவின் நீலத் தட்டை அடுக்கிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மங்களம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வேறு இடம் பார்த்திருப்பார்கள். பார்க்க மாட்டார்களா? ஒரு தடவை பட்டவள், இரண்டாவது தடவையும் பட்டுக்கொண்டு எதற்கு இங்கேயே விட வேண்டும்?

எட்டே முக்காலுக்கு வாசல் மணி அடித்தது. ஆஸ்மாவின் குரல். மங்களம் எட்டிப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. வீட்டிலிருந்து சாப்பாட்டு டப்பா கொடுத்துவிட்டிருப்பார்கள், இனிமேல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதுவும் நியாயம்தான்.

ஒன்பதரைக்குக் காலைப் பலகாரம். ரவைக் கேசரி, நெய் விட்டுக் கிளறியது. தட்டுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கடைசியில் ஜன்னல் விளிம்பில் இரண்டு சின்னக் கைகள் வந்து பிடித்துக்கொண்டன. டப்பா இல்லை. நீலத் தட்டுதான்.

"ஆன்ட்டி, இது சாமிக்குப் படைச்சதா?"

"இல்லடா" என்றாள் மங்களம்.

ஆஸ்மா நகரவில்லை. ஒரு விரலை உயர்த்தினாள், அதோடு இன்னொன்றையும் உயர்த்தினாள்.

"அம்மா சொன்னாங்க, ஆன்ட்டி பொய் சொல்லல, மறந்துட்டாங்கன்னு. அதனால இனிமே ஆன்ட்டிகிட்ட ரெண்டு தடவை கேக்கணுமாம்." பல் இல்லாத வாயால் தெளிவாக, நிறுத்தி, மறுபடியும் கேட்டாள். "இது சாமிக்குப் படைச்சதா?"

மங்களம் திரும்பிப் பார்த்தாள். அடுப்பு மேடையைப் பார்த்தாள். சட்டியை, கரண்டியை, நெய் டப்பாவை, கதவுக்குப் பின்னால் காலியாக இருந்த கொக்கியைப் பார்த்தாள். காலையிலிருந்து கை தொட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வந்த பயம் அப்படியே வந்து நின்றது. பிள்ளை தட்டைப் பிடித்துக்கொண்டு அவசரப்படாமல் காத்திருந்தது.

"இல்லம்மா" என்றாள் மங்களம். "பார்த்துட்டேன். சாப்பிடு."